கூடுதல் ஒரு மணி நேரம்: சலுகையா, உரிமையா?

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதம் பொதுத்தேர்வு தொடங்கினால் தமிழ்நாடு முழுக்க ஒரே கடிகாரம் தான். காலை 10 மணிக்கு முதல் மணி. கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிடம், விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். 10.15க்கு எழுத ஆரம்பித்தால் 1.15க்கு கடைசி மணி. பேனாவை வைத்தே ஆக வேண்டும். சேலம் அம்மாபேட்டையில் எழுதும் மாணவனுக்கும் சென்னை மயிலாப்பூரில் எழுதும் மாணவிக்கும் இதில் ஒரு நிமிடம் கூட வித்தியாசம் கிடையாது.

ஆனால் சில பள்ளிகளில் ஒரே ஒரு அறை மட்டும் 1.15க்குப் பிறகும் திறந்திருக்கும். அங்கே ஒரு மாணவன் சொல்லச் சொல்ல ஒரு ஆசிரியர் எழுதிக்கொண்டிருப்பார். அல்லது ஒரு மாணவி தானே மெதுவாக எழுதிக்கொண்டிருப்பாள். அந்த அறைக்கு மணி அடிப்பது 2.15க்குத் தான். வெளியே மற்ற பிள்ளைகள் "ரெண்டு மார்க் கேள்வி ஈஸியா இருந்துச்சா?" என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மாணவர்களிடையே அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. "எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே பாடம். அவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம்? இது நியாயமா?" இதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு மார்க்கில் கட் ஆஃப் மாறிப்போகும் ஊரில் இப்படி ஒரு கேள்வி வருவது இயற்கை. இதற்குப் பதில் சொல்ல, அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. நூறு ஆண்டுக்கும் மேலான கதை அதற்குப் பின்னால் இருக்கிறது.

மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது?

எழுத்துத் தேர்வு உலகத்துக்குப் புதிது இல்லை. சீனாவில் அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்துத் தேர்வு நடந்தது. 1905ல் தான் அது முடிவுக்கு வந்தது. இந்தியாவில் இன்று நாம் பார்க்கும் தேர்வு முறை ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1855ல் இந்தியன் சிவில் சர்வீஸுக்கு லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. பத்தாவதை இன்றும் பெரியவர்கள் "எஸ்எல்சி" என்று சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம் தான்.

அதற்கு முன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றால் வாத்தியார் முன்னால் நின்று ஒப்பிப்பது. கடிகாரம் கிடையாது. ஒரு பையன் சீக்கிரம் சொல்வான், இன்னொருவன் யோசித்துச் சொல்வான். இருவருக்கும் தெரிந்ததா என்பது தான் கேள்வி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் எழுத வேண்டும் என்ற நிலை வந்தபோது தான் எல்லாருக்கும் ஒரே நேரம் என்ற விதி தேவைப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று மணி நேரம் என்பது கல்வெட்டில் எழுதிய விதி இல்லை. தமிழ்நாட்டிலேயே அது பலமுறை மாறியிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு பல ஆண்டுகள் இரண்டரை மணி நேரம் தான் நடந்தது. 2018-19ல் பிளஸ் டூவின் மொத்த மதிப்பெண் 1200லிருந்து 600 ஆகக் குறைந்தபோது தேர்வு நேரமும் மூன்று மணியிலிருந்து இரண்டரை மணியாகக் குறைந்தது. நேரம் போதவில்லை என்ற குறை எழுந்ததால் 2019-20 கல்வியாண்டில் 10, 11, 12 ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் மூன்று மணி நேரம் என்று அரசு மாற்றியது.

அதாவது, எல்லா மாணவர்களுக்கும் அரை மணி நேரம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அப்போது யாரும் "இது அநியாயம்" என்று சொல்லவில்லை. தெரிந்ததை எழுத நேரம் போதவில்லை, அதனால் நேரம் கூடியது. அவ்வளவு தான். மாற்றுத்திறனாளி மாணவர் கேட்பதும் இதே காரணத்துக்காகத் தான்.

விரல்களால் படித்தவர்கள்

பார்வையற்றவர்களும் படிக்கலாம், தேர்வு எழுதலாம் என்பதையே உலகம் மிகத் தாமதமாகத் தான் ஏற்றுக்கொண்டது. பிரான்ஸில் 1809ல் பிறந்த லூயி பிரெய்ல், சிறுவனாக இருந்தபோது அப்பாவின் பட்டறையில் ஏற்பட்ட விபத்தில் பார்வை இழந்தவர். பதினைந்து வயதில், 1824 வாக்கில், ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்து முறையை உருவாக்கினார்.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887ல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற பெண்மணியால் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தமிழ்நாட்டுக்கும் அது வந்துவிட்டது. 1890ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே ஊரில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோருக்கான பள்ளியை நிறுவினார். இரண்டு பள்ளிகளும் இன்றும் இருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக "பாரதி பிரெய்ல்" 1951ல் ஏற்கப்பட்டது. தமிழ் எழுத்துகளுக்கும் அதில் புள்ளிகள் உண்டு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். பிரெய்லில் படித்த மாணவன் பிரெய்லிலேயே தேர்வு எழுதினால் திருத்துபவருக்குப் பிரெய்ல் தெரிய வேண்டும். பல்லாயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் முகாமில் அது நடைமுறைக்கு வராது. அதனால் வந்த வழி தான் மாணவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது. தேர்வுத்துறை அறிவிப்புகளில் இவருக்கு "சொல்வதை எழுதுபவர்" என்று பெயர். கல்லூரிகளில் பெரும்பாலும் தன்னார்வலர்கள் இதைச் செய்கிறார்கள். பள்ளிப் பொதுத்தேர்வில் ஆசிரியர்களை இதற்கு நியமிக்கிறார்கள்.

சொல்லி எழுத வைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உங்கள் நண்பரிடம் "ரூட் எக்ஸ் பிளஸ் ஒன்று" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். ரூட் குறி எக்ஸ் மேல் மட்டுமா, இல்லை எக்ஸ் பிளஸ் ஒன்று முழுவதின் மேலேயா? நண்பர் கேட்பார். நீங்கள் விளக்க வேண்டும். அவர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு வரிக் கணக்குக்கு இவ்வளவு வேலை. இனி ஐந்து மார்க் கணக்கு முழுவதையும் யோசித்துப் பாருங்கள். மேலே எழுதிய வரியைக் கண்ணால் ஒரு நொடியில் பார்த்துக்கொள்ளும் வசதி அந்த மாணவருக்குக் கிடையாது. எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டே அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். கேள்வியையும் இன்னொருவர் தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கூடுதல் ஒரு மணி நேரம் என்பது லாபம் இல்லை, போன நேரத்தைத் திருப்பிக் கொடுப்பது தான் என்று விளங்கும்.

1995: முதல் சட்டம்

நீண்ட காலம் இதெல்லாம் அரசாணைகளாலும் அதிகாரிகளின் நல்ல மனதாலும் தான் நடந்து வந்தது. ஒரு பள்ளியில் கிடைப்பது இன்னொரு பள்ளியில் கிடைக்காது. 1974ல் மத்திய அரசு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகளிலேயே சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாளையங்கோட்டை போன்ற சிறப்புப் பள்ளிகளுக்குப் போக முடியாத குழந்தைகள் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தவர்கள் ஒருநாள் தேர்வும் எழுதத்தானே வேண்டும்?

1995ல் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. 1996 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 31வது பிரிவு, பார்வையற்ற மாணவர்களுக்கும் குறைந்த பார்வை உள்ள மாணவர்களுக்கும் எல்லாக் கல்வி நிறுவனங்களும் எழுதுபவரை ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று சொன்னது. "செய்யலாம்" என்று இல்லை, "செய்ய வேண்டும்" என்று சொன்னது தான் முக்கியம்.

ஆனால் அந்தப் பிரிவில் இருந்தது பார்வை சம்பந்தப்பட்டவர்கள் மட்டுமே. மூளை முடக்குவாதத்தால் கை நடுங்கும் மாணவனுக்கு அந்த வரியில் இடம் இல்லை. அந்தச் சட்டம் மொத்தம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. வெளியில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத ஒரு பெரிய கூட்டம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றது.

கண்ணுக்குத் தெரியாத கஷ்டம்

அந்தக் கூட்டம் தான் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள். எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், ஆனால் புத்தியில் எந்தக் குறையும் இல்லை. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை 1880களில் ஜெர்மன் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் உருவாக்கினார். 1896ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். புத்திசாலிப் பையன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, ஆனால் வாசிக்க வரவில்லை. ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்று மருத்துவ உலகம் கவனித்தது அப்போது தான்.

நம்ம ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. "மக்கு", "சோம்பேறி", "எருமை மாடு". அந்தப் பெயர்களோடு பெஞ்சு மேல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

தமிழ் எழுத்தில் இந்தச் சிரமம் எப்படி வரும் என்று பாருங்கள். ல, ள, ழ மூன்றும் காதில் கிட்டத்தட்ட ஒன்று போல் விழும். ன, ண, ந அப்படியே. ர, ற அப்படியே. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று யோசிக்க வேண்டும். அந்தக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், ஆனால் அதன் ஒலி பின்னால் வரும். மற்ற பிள்ளைகளுக்கு நாலாவது, ஐந்தாவது படிக்கும்போது இதெல்லாம் தானாக வந்துவிடும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்குப் பத்தாவதிலும் ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிய போராட்டம். ஒரு பத்தியை வாசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவன் பதிலே எழுதி முடித்திருப்பான்.

மகாராஷ்டிரம் 1996ல் இவர்களுக்குத் தேர்வுச் சலுகைகளை முறைப்படி அறிவித்தது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில், பெற்றோர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை உருவாக்கினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பிள்ளைகளைப் பரிசோதிப்பது, இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது என்று அரசுக்குப் புரிய வைப்பது எனப் பல வேலைகளைச் செய்தார்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் பின்னர் இவர்களுக்கும் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவை கிடைத்தன.

2007 டிசம்பரில் வெளியான "தாரே ஜமீன் பர்" என்ற இந்திப் படம் வந்த பிறகு தான் டிஸ்லெக்ஸியா என்ற வார்த்தை பல வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு சங்கம் பல வருடம் கத்தியும் கேட்காததை ஒரு சினிமா மூன்று மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

வார்த்தை மாறியது, அர்த்தமும் மாறியது

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2007 அக்டோபர் 1ல் இந்தியா அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் "ஊனமுற்றோர்" என்ற சொல்லுக்குப் பதிலாக "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல்லை 2010ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அரசு ஏற்றுக்கொண்டது. பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று சிலர் கேட்டார்கள். மாறாது தான். ஆனால் எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படித்தான் நடத்துகிறோம் என்பதும் உண்மை.

தேர்வு நேரத்திலும் இதே போல ஒரு பெயர் மாற்றம் நடந்தது. 2013 பிப்ரவரி 26ல் மத்திய அரசு தேர்வுகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் ஒரு வரி, அதுவரை பயன்படுத்தி வந்த "கூடுதல் நேரம்" என்ற சொல்லை விட்டுவிட்டு "ஈடுசெய்யும் நேரம்" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி நேரம்.

இந்தச் சொல் மாற்றம் சின்ன விஷயம் இல்லை. "கூடுதல்" என்றால் மற்றவர்களை விட அதிகமாக ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம். "ஈடு" என்றால் இழந்ததற்குப் பதில் என்று அர்த்தம். மழையில் கைத்தறிக் குழியில் தண்ணீர் புகுந்து நெசவு கெட்டுப்போனால் கிடைக்கும் நிவாரணத்தை யாராவது லாபம் என்று சொல்வார்களா?

2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. 7 வகைகள் 21 ஆயின. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் முதல் முறையாக மத்தியச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தன. அந்தச் சட்டத்தின் 17வது பிரிவு, தேர்வு முறையில் செய்ய வேண்டிய மாற்றங்களை வரிசையாகச் சொல்கிறது: கூடுதல் நேரம், எழுதுபவர் வசதி, இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. 1995 சட்டத்தின் தலைப்பில் "சம வாய்ப்பு, உரிமைகள் பாதுகாப்பு" என்ற சொற்கள் இருந்தன. 2016 சட்டத்தின் பெயரே "உரிமைகள் சட்டம்" என்று இருக்கிறது.

ஆனாலும் நம் தேர்வு அறைப் பேச்சில் இது இன்னும் "சலுகை" தான். பேருந்தில் சலுகைக் கட்டணம் போல. சலுகை என்றால் கொடுப்பவர் நினைத்தால் கொடுக்கலாம், இல்லை என்றும் சொல்லலாம். உரிமை என்றால் "இல்லை" என்று சொல்பவர் காரணம் சொல்ல வேண்டும்.

நீதிமன்றப் படிகளில்

சட்டம் வந்த பிறகும் வழக்குகள் ஓயவில்லை. இதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று முக்கியமானது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்த பார்வைக் குறைபாடுள்ள வழக்கறிஞர் ஒருவர், குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை மட்டுமே இருக்கலாம் என்ற விதியால் தகுதி இழந்தார். வி.சுரேந்திர மோகன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி சரி தான் என்று சொல்லிவிட்டது.

இரண்டே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 2021 பிப்ரவரி 11ல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவர் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டார். அவருடைய குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்று தேர்வாணையம் மறுத்துவிட்டது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, 40 சதவீதம் என்ற அளவு இட ஒதுக்கீட்டுக்குத் தான், தேர்வு எழுத உதவி கேட்பதற்கு அந்த அளவுகோலை வைக்கக் கூடாது என்றது. எழுத முடியாத கை எழுத முடியாத கை தான், சான்றிதழில் எத்தனை சதவீதம் போட்டிருந்தால் என்ன? சுரேந்திர மோகன் தீர்ப்பு இனி முன்னுதாரணமாக இருக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதன் தொடர்ச்சியாக, 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி நெறிமுறைகளை வெளியிட்டது.

அதே 2021 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவி நீட் தேர்வு எழுதினார். சட்டப்படி அவருக்கு ஒரு மணி நேரம் அதிகம் கிடைக்க வேண்டும். ஆனால் மூன்று மணி நேரம் முடிந்தவுடனே தேர்வு மையத்தில் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியவில்லை. மாணவி உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு நடந்தது அநீதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மறுதேர்வு நடத்தச் சொல்லவில்லை, ஆனால் என்ன பரிகாரம் செய்யலாம் என்று ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி தேர்வு முகமைக்குச் சொன்னது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒருவருக்கு நடந்த தவறு தானே என்று விட்டுவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2025 பிப்ரவரி 3ல் குல்ஷன் குமார் வழக்கில், இந்த வசதிகள் எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கும் பாகுபாடு இல்லாமல் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்தியது. அடுத்த மாதமே, மார்ச் 3ல், பார்வையற்றவர் என்பதற்காக யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. 2019ல் மூடிய கதவு 2025ல் திறந்தது.

கதவு திறந்தால் யார் யார் வருவார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபின் 2015ல் முழுமையாகப் பார்வையற்ற முதல் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி ஆனார். மதுரையைச் சேர்ந்த பூர்ண சுந்தரி, 2020ல் வெளியான சிவில் சர்வீஸ் தேர்வு முடிவில் 286வது இடம் பிடித்தார்.

ஏமாற்ற மாட்டார்களா?

இது நியாயமான கேள்வி. மறைக்கத் தேவையில்லை. ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். 2019ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய கல்லூரிச் சேர்க்கை மோசடியில், பணக்காரப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்கிக் கூடுதல் நேரம் பெற்றது அம்பலமானது. சிலர் சிறைக்கும் போனார்கள்.

ஆனால் அதே அமெரிக்காவில் இன்னொரு கதையும் உண்டு. கூடுதல் நேரத்தில் தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண் பட்டியலில் "சிறப்புச் சூழலில் எழுதியது" என்று ஒரு குறிப்பு போடுவார்கள். இரண்டு கைகளும் இல்லாத ஒருவர் 1999ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். தேர்வு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. 2003லிருந்து எஸ்.ஏ.டி. தேர்விலும் அந்தக் குறிப்பு நிறுத்தப்பட்டது. கொடுத்த நேரத்தை முதுகில் முத்திரையாகக் குத்தி அனுப்பக் கூடாது என்பது அதன் பாடம்.

நம் நாட்டிலும் எழுதுபவர் விஷயத்தில் இந்த இழுபறி உண்டு. 2013 நெறிமுறைகள் எழுதுபவருக்குக் கல்வித் தகுதி, வயது போன்ற கட்டுப்பாடுகள் வேண்டாம், கண்காணிப்பைப் பலப்படுத்துங்கள் என்றன. 2018 நெறிமுறைகள், தேர்வர் தானே அழைத்து வரும் எழுதுபவர் தேர்வரை விட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றன. ஏமாற்றுபவரைத் தடுக்க வைக்கும் விதி நேர்மையானவருக்குச் சுமை ஆகிறது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி சமன்பாட்டை எழுதத் தெரியாதவர் எழுதுபவராக வந்தால் நஷ்டம் யாருக்கு? நூறு பேரில் ஒருவர் ஏமாற்றுவார் என்பதற்காக மற்ற 99 பேரின் பேனாவைப் பிடுங்க முடியாது. ரேஷன் கடையில் போலி அட்டை இருக்கிறது என்பதற்காக ரேஷனையே நிறுத்துவோமா?

அம்மாபேட்டையில் இது எப்படிப் போய்ச் சேரும்?

டெல்லியில் தீர்ப்பு வருவது ஒரு பக்கம். அது சேலம் மாநகராட்சியின் அம்மாபேட்டை மண்டலத்தில் ஒரு தெருவுக்கு எப்படி வந்து சேரும்? இங்கே தான் கதையின் கஷ்டமான பகுதி இருக்கிறது.

அம்மாபேட்டை நெசவாளர்கள் நிறைந்த பகுதி. வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். அப்பாவும் அம்மாவும் காலையிலிருந்து இரவு வரை தறியில் இருக்கும் வீடுகளில், பையன் வாசிக்கத் திணறுகிறான் என்று முதலில் கவனிக்க வேண்டியவர் ஆசிரியர் தான். ஆசிரியர் கவனிக்கவில்லை என்றால் பையன் "படிப்பு ஏறாதவன்" ஆகிவிடுவான். அப்புறம் தறி தான்.

ஆசிரியர் கவனித்தால் என்ன நடக்கும்? வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். பிறகு மருத்துவச் சான்றிதழ். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது அம்மாபேட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி. மேட்டூர், வாழப்பாடி பக்கம் இருப்பவர்கள் பஸ் ஏறி வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும். சான்றிதழ் வந்த பிறகு தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பம், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலகங்கள் வழியாகத் தேர்வுத்துறைக்கு. அனுமதி வந்தால் தான் மார்ச் மாதம் அந்தத் தனி அறை.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒரு மணி நேரம் போச்சு. அதிலும் கற்றல் குறைபாட்டுக்கான 2018ம் ஆண்டு விதிகள், எட்டு வயதுக்கு மேல் தான் சான்றிதழ் தருவதென்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்லின. பத்தாவது தேர்வுக்கு முந்தைய வருடம் தான் 14 வயது என்பதைக் கவனியுங்கள். பரிசோதிக்கும் கருவிகளும் எல்லா மொழிகளிலும் ஒரே சமயத்தில் வரவில்லை. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015ல் இந்திய மொழிகளுக்காக வெளியிட்ட டிஸ்லெக்ஸியா பரிசோதனை முறை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் தான் வந்தது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் பரிசோதித்தால், அவனுக்கு வாசிக்க வரவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா என்று எப்படிச் சொல்வது?

பார்வையின்மை பிறந்த சில மாதங்களில் தெரிந்துவிடும். டிஸ்லெக்ஸியா தெரிய ஒரு நல்ல ஆசிரியர் வேண்டும். பெரிய நகரத்தில் வசதியான பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறார்கள், கட்டணம் கட்டிப் பரிசோதிக்கப் பெற்றோரிடம் பணம் இருக்கிறது. அதே குறைபாடு உள்ள நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஃபெயில் ஆகிவிட்டுப் போகும். கூடுதல் நேரத்தில் அநியாயம் இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்த அநியாயத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தகுதி இல்லாத சிலருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்துவிடுமோ என்று நாம் பயப்படுகிறோம். தகுதி உள்ள எத்தனை பேருக்கு அது கிடைக்காமலே போனது என்று யோசிப்பதில்லை.

கடைசியாக

தேர்வு எதை அளக்கிறது? ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தெரியுமா என்பதையா, இல்லை அதை எத்தனை நிமிடத்தில் எழுதுகிறாய் என்பதையா? தட்டச்சுத் தேர்வு என்றால் வேகம் தான் விஷயம், அங்கே நேரத்தைக் கூட்டினால் தேர்வே கெட்டுவிடும். அறிவியல் தேர்வில் அளக்க வேண்டியது அறிவியலைத் தான். கையின் வேகமும் கண்ணின் வேகமும் குறுக்கே வந்தால் அவற்றை விலக்கிவிட்டு அளப்பது தான் சரியான அளவு. கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதும் மாணவனை யாரும் கழற்றச் சொல்வதில்லை. அது அவனுக்குக் கூடுதல் பார்வை தருகிறது என்று யாரும் புகார் செய்வதும் இல்லை.

திண்ணைப் பள்ளியில் கடிகாரம் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் கடிகாரம் வந்தது. 1995ல் சிலருக்காகவும் 2016ல் பலருக்காகவும் சட்டம் அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. 2021ல் நீதிமன்றம், சதவீதத்தைப் பார்க்காதே, மாணவனைப் பார் என்று சொன்னது. இனி பாக்கி இருப்பது வகுப்பறை தான். நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை கொம்பையும் காலையும் மாற்றி மாற்றிப் போடும்போது, பிரம்பை எடுப்பதற்கு முன்னால் ஆசிரியர் ஒரு நிமிடம் யோசித்தால் போதும். பத்தாவதில் அவனுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் அந்த ஒரு நிமிடத்தில் தான் தொடங்குகிறது.